மூன்று தட்டு

ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தகட்டின் வெளிப்பக்கம் நின்று அடிப்பார். இன்னொருவர் உட்பக்கம் குனிந்தோ படுத்தோ, ஆணியின் வாலுக்கு எதிரே கனத்த இரும்புத் துண்டு ஒன்றை அழுத்திப் பிடித்திருப்பார். அடி வாங்கும் தலை ஒருவருக்குத் தெரியும். நசுங்கிப் பரவும் வால் மற்றவருக்குத் தெரியும். இரண்டையும் ஒருசேரப் பார்க்கிறவர் யாரும் இல்லை. இடையில் இருப்பது ஒரு மில்லிமீட்டர்கூடக் கனமில்லாத அலுமினியத் தகடு. அந்தத் தகட்டின் மறைவில் நான் இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறேன். முதல் முறை எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாம் முறை நாற்பது.

கள்ளக்குறிச்சியில் சேலம் சாலையை ஒட்டி அப்பாவின் பட்டறை இருந்தது. அப்போது ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டத்துக்குப் போனது. 2019இல் தானே ஒரு மாவட்டத் தலைநகரம் ஆனது. அப்பா கரூரில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்து, தகரக் கூரைக்குக் கீழே தனியாகத் தொழில் தொடங்கியவர். புதிதாகக் கட்டுவதைவிட அடிபட்டு வந்தவற்றைச் சரிசெய்ததே அதிகம். கரும்பு ஏற்றிக் கூண்டு விரிந்த லாரிகள், மாட்டின் மேல் மோதிய வேன்கள், மலைக்குப் போய்வந்து ஆணி ஆணியாக உதிர்ந்த வண்டிகள்.

மலை என்றால் எங்களுக்குக் கல்வராயன் மலைதான். பட்டறை வாசலிலிருந்து மேற்கே பார்த்தால் நீலக்கோடாகத் தெரியும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, வளைந்து வளைந்து வெள்ளிமலைக்கு ஏறும் பாதை. அந்த மலை வெகுகாலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்தது; 1976இல்தான் அரசு நிர்வாகத்தின் கீழ் முழுமையாக வந்தது. அதற்கப்புறம் வந்த சாலையில் ஏறி இறங்கிய ஒவ்வொரு வண்டியும் மலைக்காரர்களுக்கு ஆஸ்பத்திரியாகவும் பள்ளிக்கூடமாகவும் சந்தையாகவும் இருந்தது. புளியும் கடுக்காயும் தேனும் அதில் இறங்கின. உப்பும் துணியும் ஏறின. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் கூண்டு ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், அடுத்த வளைவில் மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலை எல்லாம் வாங்கிக்கொள்வது ரிவெட்டுகள். மலை வண்டி என்றால் அப்பா வரிசைக்கு இரண்டு ஆணி கூடுதலாகப் போடுவார். அதற்குத் தனியாகக் காசு கேட்டதில்லை.

பள்ளி விடுமுறைகளில் நான் டாலி பிடிப்பேன். டாலி என்பது அந்த இரும்புத் துண்டுக்கு எங்கள் பட்டறையில் வழங்கிய பெயர். லாரியின் ஆக்ஸில் துண்டு ஒன்றை வெட்டி, ஒரு முகத்தை மட்டும் கண்ணாடிபோல் தேய்த்து அப்பா செய்தது. சிறுவன் என்பதால் இருக்கைக்கு அடியிலும் சக்கர மறைப்புக்குள்ளும் நான் நுழைந்துகொள்ள முடிந்தது. இருட்டு, வெக்கை, காதுக்குள் இடி. வெளியிலிருந்து அப்பா அடிப்பார். வால் சரியாகப் பரவாவிட்டால் டாலியால் தகட்டை ஒரு தட்டு தட்ட வேண்டும், இன்னும் அடிப்பார். சரியாக இருந்தால் இரண்டு தட்டு. அடுத்த ஆணிக்குப் போவார். கெட்டுப்போனால் தட்டக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும். "வளஞ்சிடுச்சுப்பா" என்று. கெட்டதைச் சொல்லத் தட்டு போதாது, மனுஷன் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

1986ஆம் ஆண்டு கோடை விடுமுறை. மலைக்குப் போகும் வேன் ஒன்றுக்குப் பக்கத் தகடு மாற்றிக்கொண்டிருந்தோம். அன்று மாலை ஊரில் திருவிழாக் கூத்து. கடைசி வரிசையில் டாலி சறுக்கி, ஓர் ஆணியின் வால் பரவாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. சொன்னால் தலையைத் துளையிட்டு எடுத்து, தண்டைத் தட்டி வெளியேற்றி, புது ஆணி போட வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். நான் இரண்டு தட்டு தட்டினேன்.

மறுநாள் வண்ணம் பூசியாயிற்று. அதற்கடுத்த நாள் காலையில் வண்டிக்காரர் சாவிக்கு வந்து நின்றபோது, அப்பா வழக்கம்போல் உள்ளே ஏறி, கண்ணை மூடிக்கொண்டு வரிசைகளின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கி வந்து, "சாயந்திரம் வாங்கண்ணே, எங்கையால ஒரு தப்பு நடந்திருக்கு" என்றார். வண்டிக்காரர் கத்தினார். வெள்ளிமலைச் சந்தை போய்விடும் என்றார். அப்பா பதில் பேசாமல் புது வண்ணத்தின் மேல் துளைக்கருவியை வைத்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. டாலியை மட்டும் என் கையில் மறுபடி கொடுத்தார்.

இந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை. படித்து, வேலை தேடி, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு வந்து சேர்ந்த பிறகு, மறந்தும் போயிருந்தேன். ரைட் சகோதரர்களின் ஊர் அது. அங்கே எனக்கு மூத்த நண்பர் ஒருவர் வாய்த்தார். தூத்துக்குடிக்காரர், பொறியாளர். நான் அண்ணன் என்றே அழைப்பேன். 2014ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அண்ணன் தம் வீட்டுக் கார் கொட்டகையில் விமானம் கட்டப்போவதாகச் சொன்னார். இரண்டு பேர் அமரும் விமானம், முழுவதும் உலோகம். முதலில் நான் சிரித்தேன். பிறகு மரப்பெட்டிகள் வந்து இறங்கின.

வீட்டில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் சட்டப்படியான பொழுதுபோக்கு. கட்டும் வேலையில் பாதிக்கு மேல் தம் கையால், கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்தவர்கள் அதைப் பதிவு செய்துகொள்ளலாம். பாகங்களைத் தொழிற்சாலை வெட்டி, மடித்து, பெரும்பாலான துளைகளையும் இட்டு அனுப்பிவிடுகிறது. அப்படியென்றால் மீதி வேலை என்ன, பூட்ட வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். முதல் மூன்று மாதங்கள் நாங்கள் எதையும் நிரந்தரமாகப் பூட்டவில்லை. தயார்செய்துகொண்டே இருந்தோம்.

பெட்டியிலிருந்து எடுக்கும் தகட்டின் மேல் நீல நிற பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். அதை உரிக்க வேண்டும். பாகங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஸ்பிரிங் உள்ள தற்காலிகப் பிடிப்பான்களால் இறுக்க வேண்டும். கிளிக்கோ என்று பெயர். சிறு துளைக்கு வெள்ளி நிறம், அடுத்த அளவுக்குச் செம்பு நிறம். நூற்றுக்கணக்கில் குத்தி நிறுத்திய பிறகு தகடு முள்ளம்பன்றிபோல் இருக்கும். அந்த நிலையில் துளைகளை முழு அளவுக்கு விரிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, ஒவ்வொரு துளையின் இரண்டு பக்கமும் பிசிறு எடுக்க வேண்டும்.

பிசிறு எடுப்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. துளையிடும்போது விளிம்பில் மயிரிழைபோல் உலோகம் எழுந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தட்டுப்படும். கூர்முனைக் கருவியை வைத்து இரண்டு சுற்று, மெல்லச் சுற்ற வேண்டும். அதிகமாகச் சுற்றினால் துளையே பெரிதாகிவிடும். தகடுகளின் ஓரங்களையும் அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்க வேண்டும். பத்தாயிரத்துக்கு மேல் ஆணிகள். ஓர் ஆணிக்குக் குறைந்தது இரண்டு தகடு. ஒரு தகட்டுத் துளைக்கு இரண்டு முகம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணன், "தம்பி, இது விமானம் கட்டுற வேலையில்ல, ஓட்டை துடைக்கிற வேலை" என்றார்.

ஏன் இத்தனை பாடு என்பதற்கு உலோகத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். சுத்தமான அலுமினியம் மென்மையானது. சமையல் பாத்திரத்துக்கு ஆகும், சிறகுக்கு ஆகாது. ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் வில்ம் என்ற உலோகவியலாளர் 1906இல் அதில் கொஞ்சம் செம்பும் மெக்னீசியமும் கலந்து, சூடாக்கி, சட்டென்று குளிர்வித்தார். சில நாள் வைத்திருந்து பார்த்தபோது அது தானாகவே கடினப்பட்டிருந்தது. டியூராலுமின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தக் கலவையின் வழிவந்த 2024 எண் அலுமினியம்தான் இன்றும் சிறு விமானங்களின் தோல். வலிமையானது. ஆனால் நினைவாற்றல் உள்ளது. எங்கே கீறல் விழுந்ததோ, எங்கே பிசிறு நின்றதோ, அந்த இடத்தை மறக்காது. ஒவ்வொரு அதிர்விலும் விசை அந்தப் புள்ளியில் போய்க் குவியும். மயிரிழை விரிசல் ஒன்று தொடங்கி, வருடக்கணக்கில் ஓசையில்லாமல் நடந்து, அடுத்த துளையைத் தொடும்.

1954இல் இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் மத்தியதரைக் கடலின் மேல் அடுத்தடுத்துச் சிதறின. ஒன்று ஜனவரியில், எல்பா தீவுக்கு அருகே. மற்றது ஏப்ரலில், நேப்பிள்ஸுக்குத் தெற்கே. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். திறப்புகளின் மூலைகளிலும் ஆணித்துளைகளின் விளிம்பிலும் தொடங்கிய விரிசல்களே காரணம் என்று தெரிந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளின் மேல் அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் ஒன்றின் முன்பக்கக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. அந்த விமானம் அதற்குள் 89,680 முறை பறந்திருந்தது. தகடுகள் சேரும் இடத்தில் ஒட்டு விட்டுப்போய், ஆணித்துளைகளின் வரிசையில் விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். மற்ற அனைவரோடும் விமானிகள் அதைத் தரையிறக்கினார்கள். விசாரணையில் வந்த ஒரு தகவலை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அன்று ஏறும்போதே பயணி ஒருவர் கதவுக்குப் பக்கத்தில் தகட்டில் விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

அண்மையில்கூட இதே பாடம் நடந்தது. வீட்டில் கட்டும் உலோக விமானங்களுக்குப் பேர்போன ஓரிகன் மாநிலத்தின் வான்ஸ் நிறுவனம், சில பாகங்களின் துளைகளைப் பஞ்ச் செய்வதற்குப் பதில் லேசரால் வெட்டச் செய்தது. ஆணித்தலை படிவதற்காகத் துளையைச் சுற்றிக் குழி அழுத்தியபோது அவற்றில் சிலவற்றின் விளிம்பு விரிந்தது. அதைத் தொடர்ந்து பாகங்களை மாற்றித் தரும் செலவும் சேர, 2023 டிசம்பரில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கோர வேண்டியதாயிற்று. மறுசீரமைப்பு முடிந்து 2024இல் மீண்டுவந்தது. உலகமெங்கும் பதினோராயிரம் விமானங்களைப் பறக்கவிட்ட ஒரு நிறுவனத்தை ஆட்டிவைத்தது துளையின் விளிம்பு.

துளைகள் தயாரானதும், துருப்பிடிக்காதிருக்க மேற்பூச்சு அடித்து, உலர்த்தி, மறுபடி கிளிக்கோ போட்டுச் சேர்த்தோம். டிசம்பர் கடைசியில் முதல் ரிவெட். அண்ணன் கையில் காற்றுச் சுத்தி. என் கையில் எஃகுத் துண்டு. விமானக்காரர்கள் அதை வேறு பெயரில் அழைக்கிறார்கள். நான் டாலி என்றதும் அண்ணனும் அப்படியே அழைக்கத் தொடங்கினார். அளவு துல்லியமானது. பரவிய வாலின் அகலம் தண்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி. துளையின் மையம் தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது இரண்டு விட்டம் தள்ளியிருக்க வேண்டும். அங்கேயும் சைகை மொழி உண்டு என்று அண்ணன் கையேட்டைப் பார்த்துச் சொன்னார். ஒரு தட்டு என்றால் இன்னும் அடி. இரண்டு தட்டு என்றால் சரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கள்ளக்குறிச்சியிலும் டேட்டனிலும் ஒரே மொழி. பிறகு அவர் மேலும் படித்தார்: மூன்று தட்டு என்றால் கெட்டுவிட்டது, எடுத்துவிட்டு வேறு போடு. அப்பாவின் பட்டறையில் இல்லாத மூன்றாவது தட்டு.

டேட்டனில் ரைட் சகோதரர்களைப் பற்றிய நினைவிடங்கள் நிறைய. சார்லி டெய்லரைப் பற்றி யாராவது சொன்னால்தான் தெரியும். 1901இல் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்த மெக்கானிக். விமானத்துக்கு ஏற்ற எஞ்சின் செய்து தர வெளியே யாரும் கிடைக்காதபோது, ஆறு வாரங்களில் அதைச் செய்துகொடுத்தவர். அதன் வெளிக்கூடு செம்பு கலந்த அலுமினிய வார்ப்பு. எடை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பன்னிரண்டு குதிரைத்திறன் கொண்ட அந்த எஞ்சின்தான் 1903 டிசம்பர் 17 அன்று 12 வினாடிகள் மனிதனைத் தூக்கிச் சென்றது. டெய்லர் 1956இல் வறுமையில் இறந்தார். ஆர்வில் கையில் விசைப்பிடி இருந்த புகைப்படம் உலகத்துக்கே தெரியும். மறுபக்கம் டாலி பிடித்தவர் இவர்.

நம் ஊரிலும் அப்படி ஒன்று உண்டு. 1910 மார்ச்சில் சென்னைப் பல்லாவரத்தில் ஒரு விமானம் பறந்தது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் தாமே வடிவமைத்தது. அதைக் கட்டிக்கொடுத்தது குதிரை வண்டிகள் கட்டிவந்த சிம்சன் கம்பெனி. அதாவது, பாடி கட்டுகிறவர்கள். அந்தப் பட்டறையில் மரம் இழைத்தவர்கள், பட்டை வளைத்தவர்கள், ஆணி இறுக்கியவர்கள் யாரென்று பெயர் இல்லை. அப்பாவின் தொழில்வழி முன்னோர்கள் என்று நானாக வைத்துக்கொண்டேன்.

மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி காந்திவலியில் தம் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் உலோக விமானத்தைக் கட்டினார். அதற்கு முன் இரண்டு முயற்சிகள் கைகூடவில்லை. 2016இல் மும்பையில் நடந்த 'மேக் இன் இந்தியா' கண்காட்சிக்காகப் பிரித்து இறக்கிக் கொண்டுபோய் நிறுத்தினார். 2017இல் விடி-என்எம்டி என்ற பதிவெண் கிடைத்தது. அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் தேடுவது வேறொன்றை. மாடியில், மே மாத வெயிலில், அந்தக் கூண்டுக்குள் படுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் பிடித்தவர்கள் யார்?

இத்தனையும் யோசித்த நான்தான் அதைச் செய்தேன். 2015 பிப்ரவரி. கிடை வாலின் பின் உத்தரத்தில், மேலும் கீழும் அசையும் மடலைத் தாங்கும் கீல் தகடுகளைப் பொருத்திக்கொண்டிருந்தோம். ஓர் ஆணி சாய்ந்துவிட்டது. அண்ணன் தொலைபேசி அழைப்புக்காக வீட்டுக்குள் போயிருந்தார். நானே எடுத்துவிடலாம் என்று துளைக்கருவியைத் தலையின் மேல் வைத்தேன். அது மையத்திலிருந்து நழுவியது. ஆணி வந்துவிட்டது, ஆனால் துளை நீள்வட்டம் ஆகிவிட்டது. மூன்று மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஆணி இனி அதில் நிற்காது. அடுத்த அளவு, நான்கு மில்லிமீட்டர் ஆணியைப் போட்டால் நிற்கும். ஆனால் அதற்கு ஓரத்திலிருந்து எட்டு மில்லிமீட்டர் வேண்டும். இருந்தது ஆறரைக்குள்தான்.

அண்ணன் திரும்பி வருவதற்குள் துளையைப் பெரிதாக்கிப் பெரிய ஆணியைச் செருகியிருந்தேன். தலையின் வித்தியாசம் கண்ணாடி போடாமல் தெரியாது. அவர் அடித்தார். நான் இரண்டு தட்டு தட்டினேன்.

மூன்று வாரம் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, வீட்டில் விமானம் கட்டுவோர் சங்கத்திலிருந்து அனுபவசாலி ஒருவர் வந்தார். தகடு மூடுவதற்கு முன் இப்படி ஒருவரை அழைத்துக் காட்டுவது வழக்கம். கண்ணாடியும் டார்ச்சும் வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். அந்த ஆணியின் மேல் வெளிச்சம் பட்டது, நகர்ந்தது. நன்றாக இருக்கிறது என்று கைகொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வந்திருக்க வேண்டியது நிம்மதி. வந்தது பயம். இனி இதைத் தெரிந்தவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

அன்று அண்ணனின் மகள், ஏழு வயது, கொட்டகைக்குள் வந்து அந்த உத்தரத்தின் மேல் கையை வைத்து ஓட்டிக்கொண்டே போனாள். சும்மா, குழந்தைகள் வேலி ஓரம் குச்சியை இழுத்துக்கொண்டு போவதுபோல. கை நிற்கவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் எனக்கு வேறொரு கை நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அந்த ஆணியையே பார்த்தார். அளவுகோலை வைத்தார். படம் எடுத்து, பாகங்கள் அனுப்பியவர்களுக்கு எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது: பறப்பதற்குப் போதும், விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு நெஞ்சிலிருந்து கல் இறங்கியதுபோல் இருந்தது. "அப்ப விட்டுரலாமாண்ணே?" என்றேன்.

அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. டாலியை எடுத்து உள்ளங்கையில் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ஓட்டை பெரிய விஷயமில்ல தம்பி. அவுகளே போதும்னுட்டாக. ஆனா இன்னும் ஒம்பதாயிரம் ஆணி கெடக்கு. நீங்க ரெண்டு தட்டு தட்டுனா நான் நம்பணும்லா?"

புது உத்தரம் வரவழைத்தோம். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன், பாதிதான் வாங்கிக்கொண்டார். பழையதிலிருந்து கீல்களைக் கழற்ற நான்கு மாலைகள் ஆயின. மறுபடி கிளிக்கோ, மறுபடி விரிப்பு, மறுபடி ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கப் பிசிறு, மறுபடி பூச்சு. அடுத்த ஆறு ஆண்டுகளில் நான் மூன்று தட்டு தட்டியது எத்தனையோ முறை. சில இரவுகளில் ஒரே வரிசையில் நான்கைந்து தடவை. அண்ணன் ஒருமுறையும் முகம் சுளித்ததில்லை. துளைக்கருவியை எடுப்பார், சீராக எடுப்பார். மூன்றாவது தட்டைக் கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு நிதானம் வருவதை நான் கவனித்திருக்கிறேன். மற்ற இரண்டும் உண்மை என்பதற்கு அது சாட்சி.

2021 கோடையில் அது பறந்தது. முதல் 40 மணி நேரம் பயணி யாரையும் ஏற்றக் கூடாது என்பது எங்கள் விமானத்துக்கு விதித்திருந்த நிபந்தனை. அதை முடித்த பிறகு அண்ணன் முதலில் ஏற்றிக்கொண்டது மகளை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இருக்கைக்கு எதிரே சட்டப்படி ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை அவள் சத்தமாகப் படித்தாள். இது தனிநபர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது அல்ல என்று அதில் இருக்கும். படித்துவிட்டு இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டாள். நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுதளத்தின் கடைசியில் அது தரையை விட்டபோது எனக்கு வானம் தெரியவில்லை. பின் உத்தரம்தான் தெரிந்தது.

2022 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சென்னையிலிருந்து போகும் வழியில் உளுந்தூர்பேட்டை. அதற்கு அருகே இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுதளம் ஒன்று உண்டு. சிறுவயதில் ஒருமுறை அப்பா என்னை அங்கே அழைத்துப்போயிருக்கிறார். வெறும் தரை, நடுவில் முள், மேயும் ஆடுகள். விமானம் எங்கே என்று நான் அழுதிருக்கிறேன். அன்று காரை நிறுத்தச் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பட்டறை மூடிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது அங்கே செல்போன் கடை. அப்பாவுக்கு எண்பது வயது. ஐம்பது வருடச் சுத்தியல் சத்தம் அவருடைய காதுகளை எடுத்துக்கொண்டுவிட்டது; பேசுவதை அம்மா காதருகே போய்த் திரும்பச் சொல்ல வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் படங்களைக் காட்டினேன். வானத்தில் பறக்கும் படத்தைச் சும்மா தள்ளிவிட்டார். கொட்டகையில், தகடு மூடுவதற்கு முன் எடுத்த படத்தில் விரல் நின்றது. பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். வரிசை வரிசையாக ஆணிகள். கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

எவ்வளவு உயரம் போகும், என்ன விலை என்று எல்லோரும் கேட்பதை அவர் கேட்கவில்லை. "டாலி யாரு புடிச்சது?" என்றார்.

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார். 1986 அவர் நினைவில் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய், பரணிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்துவரச் சொன்னார். பிரித்தால் அந்த ஆக்ஸில் துண்டு. எண்ணெய் பூசி வைத்திருந்தார். தேய்த்த முகத்தில் துரு இல்லை.

அவர் காதில் சொல்லி எதுவும் ஆகாது. டாலியைக் கையில் எடுத்து, திண்ணையின் கல்தூணில் மூன்று முறை தட்டினேன். சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. தூணில் சாய்ந்திருந்தார், அதிர்வு தெரிந்திருக்கும். பட்டறையில் இல்லாத சைகை அது, அர்த்தமும் புரிந்திருக்காது. "வளஞ்சிடுச்சுப்பா" என்று வாயாலும் சொன்னேன், முப்பத்தாறு வருடம் தாமதமாக. அம்மா, "என்னடா சொல்ற?" என்றாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டு செல்போனை மறுபடி கையில் வாங்கி, அந்தப் படத்தின் வரிசைகளின் மேல் விரலை ஓட்டத் தொடங்கினார்.